ஏழு கிலோவுக்குள் கோலாலம்பூர்: பட்ஜெட் விமானத்தில் முதல்முறை போகிறவர்களுக்கு

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பட்ஜெட் விமானத்தில் முதல்முறையாகக் கோலாலம்பூர் போகப்போகிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று டிக்கெட்டை எடுத்துவிடுகிறோம். அப்புறம் பெட்டிக்குக் கட்டணம், இருக்கைக்குக் கட்டணம், கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கட்டணம் என்று வரிசையாக வருகிறது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக எதுவும் கேட்காத பெரிய நிறுவனத்தின் விலையே வந்து நிற்கும். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் நான் நிறைய அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எவ்வளவு எடை கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிக்கெட்டை அப்புறம் எடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. பாஸ்போர்ட்டைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்

முதலாவது, காலாவதித் தேதி. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்தரை மாதம்தான் இருக்கிறது என்றால், அங்கே போய்த் திருப்பி அனுப்பப்படுவதற்கு முன்னால் இங்கே கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய் ஆகும். தேதி நெருக்கத்தில் இருந்தால் டிக்கெட்டைத் தொடாதீர்கள், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள்.

இரண்டாவது, பெயர். நம்மவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது இதுதான். ஆதாரில் 'கே. முருகன்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் 'முருகன்' ஒரு கட்டத்திலும் அப்பா பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆதாரைப் பார்க்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, எந்த எழுத்தில் இருக்கிறதோ, அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் டிக்கெட் போடும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பெயரை நிரப்ப வேண்டும். ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். பெயரில் ஓரெழுத்துப் பிழை என்றால் திருத்தித் தருவார்கள். ஆளையே மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். துபாய் வழியாகவோ துபாய்க்கோ போகும் யோசனை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இ.சி.ஆர். முத்திரை, அதாவது வேலைக்காக நாட்டை விட்டுப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இது இருக்கும். வேலைக்குப் போவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் நம் ஊர் இமிக்ரேஷனிலேயே கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், கையில் இருக்கும் பணம் ஆகியவற்றைக் காட்டத் தயாராகப் போங்கள்.

2. ஏழு கிலோ போதுமா என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஏர் ஏசியாவின் அடிப்படை டிக்கெட்டில் செக்-இன் பெட்டி, அதாவது கவுண்டரில் ஒப்படைத்துவிடும் பெட்டி, கிடையாது. கையில் கொண்டுபோக இரண்டு உருப்படி அனுமதி: ஒரு பை 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள், ஒரு சின்னப் பை 40 × 30 × 10 சென்டிமீட்டருக்குள். ஏழு கிலோ என்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான். பெரிய பைக்கு ஏழு, லேப்டாப் பைக்குத் தனிக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் கவுண்டரில் அதிகம் மாட்டுகிறார்கள். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டில் பத்து கிலோ. அதுவும் இரண்டு பைக்கும் சேர்த்துத்தான்.

ஏழு கிலோ கேட்கக் குறைவாகத் தோன்றும். கோலாலம்பூருக்கு அது தாராளம். அங்கே வருஷம் முழுக்க நம் ஊர் வைகாசி மாதிரி வெயிலும் புழுக்கமும், சாயங்காலமானால் மழையும். ஸ்வெட்டர், ஜாக்கெட் எதற்கும் வேலை இல்லை. ஒரு வாரத்துக்குள் திரும்பும் பயணம், ஆள் தனி அல்லது இரண்டு பேர், கல்யாணம் காட்சி இல்லை என்றால் ஏழு கிலோவே முடிவாக இருக்கட்டும்.

கைக்குழந்தையோடு போகிறவர்களும் விசேஷத்துக்குப் பட்டுப்புடவை கட்டப்போகிறவர்களும் பெட்டிக்குப் பணம் கட்டிவிடுவதுதான் நிம்மதி. ஆளுக்கொரு பெட்டி என்று வாங்காதீர்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒருவர் பெயரில் இருபது கிலோவோ இருபத்தைந்தோ வாங்கினால் போதும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

3. டிக்கெட் எடுப்பது

இப்போது விலை பாருங்கள். பார்க்கும்போது மூன்று வரிசை எழுதிக்கொள்ளுங்கள். வெறும் டிக்கெட், டிக்கெட்டும் பெட்டியும், பெட்டி சேர்ந்தே வரும் நிறுவனத்தின் டிக்கெட். ஏர் ஏசியா, பாத்திக் ஏர் விலைகளோடு, சென்னையிலிருந்து போகும் மலேசியா ஏர்லைன்ஸ், இண்டிகோ, கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் விலைகளையும் பக்கத்தில் வையுங்கள். ஏழு கிலோவோடு போகிறவருக்குப் பட்ஜெட் விமானம் கண்டிப்பாக லாபம். இருபத்தைந்து கிலோ இரண்டு பக்கமும் வேண்டும் என்றால் பல நாட்களில் வித்தியாசம் கரைந்துபோகிறது. அப்போது சாப்பாடும் தருகிற விமானத்தில் போவதே நல்லது.

மே மாதம், பொங்கல், தீபாவளி ஆகிய மூன்றிலும் விலை ஏறும் என்பது தெரிந்ததே. மலேசியப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, அங்குள்ள பள்ளி விடுமுறை நாட்களில் அங்கிருந்து இங்கே வருகிற கூட்டம் அதிகம். அந்த வாரங்களில் திரும்பும் டிக்கெட்தான் கழுத்தை நெரிக்கும். செவ்வாய், புதன் பயணம் வெள்ளி, ஞாயிறைவிடப் பெரும்பாலும் மலிவு.

பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் இருக்கை, சாப்பாடு, காப்பீடு, முன்னுரிமை வரிசை என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'வேண்டாம்' என்ற பொத்தான் கீழே சின்னதாக இருக்கும். இருக்கையைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் செக்-இன் செய்யும்போது ஒரு இருக்கை இலவசமாக ஒதுக்கிவிடுவார்கள். நான்கு மணி நேரப் பயணத்துக்கு அது போதும். வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்குச் செலவு செய்யலாம். காப்பீட்டை நான் விடச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தெரியும். ஆனால் விமானத் தளத்தில் டிக் அடிப்பதற்குப் பதில் தனியாக ஒரு பயணக் காப்பீட்டை விலை ஒப்பிட்டு எடுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் பதிவாகியிருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். எனக்கு டிக்கெட் போட்டுத் தந்தவர் எல்லாருக்கும் தன் எண்ணையே போடும் வழக்கம் உள்ளவர். விமான நேரம் மாறிய தகவல் அவருக்குப் போனது, அவர் பார்க்கவில்லை. விடியற்காலை விமான நிலையத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

செக்-இன் பெட்டி தேவை என்றால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். பிறகு சேர்த்தால் விலை கூடும், விமான நிலையத்தில் சேர்த்தால் இன்னும் கூடும். போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாக வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போகும்போது வேண்டாம், வரும்போது மட்டும் இருபது கிலோ என்று எடுத்தால் செலவில் பாதி மிச்சம்.

உள்நாட்டுப் பயணத்தில் இந்தக் கணக்கு வேறு. சென்னையிலிருந்து தில்லியோ மும்பையோ போகும் பெரும்பாலான டிக்கெட்டுகளில் 15 கிலோ செக்-இன் எடை சேர்ந்தே வருகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் லைட் போன்ற கைப்பை மட்டும் டிக்கெட்டை எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை.

4. காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இது சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் மட்டுமே. 'விசா வேண்டாம், போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் அவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

விசா இல்லையே தவிர, டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பணம் வசூலிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம்தானா, முகவரியில் 'கவ் டாட் எம்ஒய்' இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நிரப்பி முடித்ததும் மின்னஞ்சலுக்கு உறுதிச்செய்தி வரும்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றை அச்செடுத்து வையுங்கள்: இரண்டு பக்க டிக்கெட், வருகை அட்டை உறுதிச்செய்தி, ஹோட்டல் முன்பதிவு, பாஸ்போர்ட் நகல், காப்பீடு. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்களுடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். 'செந்தூலில் சித்தப்பா வீடு' என்பது பதிலாகாது. கைபேசியில்தான் எல்லாம் இருக்கிறதே என்று விடாதீர்கள். இறங்கிய இடத்தில் சிக்னல் கிடைக்காமல் வரிசையில் நின்று தவிப்பவர்களை எப்போதும் பார்க்கலாம்.

5. பை அடுக்குவது

முதல் திருட்டு பையிலேயே நடக்கிறது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஏழில் மூன்று போனால் என்ன மிச்சம்? தோளில் மாட்டும் நல்ல துணிப் பை 800 கிராமில் கிடைக்கிறது. புதிதாக வாங்கக்கூட வேண்டாம், பிள்ளையின் பழைய கல்லூரிப் பையே போதும். கூடவே கொக்கியில் மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். ஒரே பயணத்தில் அந்தக் காசு திரும்பிவிடும்.

ஒரு வாரத்துக்கு ஓர் ஆண் கொண்டுபோகக்கூடியது இவ்வளவு. பை 800 கிராம். சட்டையும் டி-சர்ட்டுமாக மூன்று, 600. மெல்லிய பருத்திப் பேண்ட் ஒன்று, 400. கைலியோ வேட்டியோ ஒன்று, 300. உள்ளாடைகள் 350. ஈரிழைத் துண்டு 150. செருப்பு 300. சோப்பு, பல்பொடி வகையறா 400. சார்ஜர், பவர்பேங்க், பிளக் மாற்றி 600. மருந்து 200. காகித உறை 200. குடை 300. மொத்தம் 4.6 கிலோ. இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது. மணப்பாறை முறுக்கும் பருப்புப் பொடியும் அதில் போகட்டும்.

பெண்களுக்கு: சுடிதார் செட் ஒன்று நானூறு ஐந்நூறு கிராம், நூல் புடவையும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்று செட் வைத்தாலும் கணக்கு இடிக்காது. பட்டுப்புடவை ரவிக்கையோடு முக்கால் கிலோவைத் தாண்டும். ஒன்று வைக்கலாம், இரண்டு வைத்தால் மற்றதைக் குறைக்க வேண்டிவரும்.

துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தடித்த பூத்துவாலை அரைக் கிலோ, நனைந்தால் அங்குள்ள ஈரக் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. ஈரிழைத் துண்டு ராத்திரி கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். துணிக்கும் அதே யோசனைதான். இரவு துவைத்துப் போட்டால் காலையில் உடுத்தும் மாதிரி மெல்லியதாகப் பாருங்கள். ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல் இருக்கும். எடுத்தே தீர வேண்டும் என்றால் அதை உடுத்திக்கொண்டு போங்கள். ஷூவும் அப்படியே, காலில்தான் போக வேண்டும். உடம்பில் இருப்பதை யாரும் எடை போடுவதில்லை.

மலேசியாவில் பிளக் மூன்று தட்டைக் கால் உள்ளது, நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. மாற்றி ஒன்றை இங்கேயே மின்சாதனக் கடையில் வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் பல மடங்கு விலை சொல்வார்கள். இரண்டு பேர் போனால் மாற்றி ஒன்று, குடை ஒன்று, பவர்பேங்க் ஒன்று, பற்பசை ஒன்று என்று பிரித்துக்கொண்டால் ஒரு கிலோ இறங்கும்.

முழுவதும் அடுக்கிவிட்டுத் தராசில் தூக்கினால் 6.5 காட்ட வேண்டும். வீட்டுத் தராசும் கவுண்டர் தராசும் நூறு இருநூறு கிராம் முன்பின் காட்டும், அந்த இடைவெளி உங்களுக்குத் தேவை.

6. கைப்பையில் நுழையாதவை

கைப்பை மட்டுமே கொண்டுபோகிறவருக்கு இதுதான் பெரிய கட்டுப்பாடு. திரவம், பசை, களிம்பு எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பையில் அடங்க வேண்டும். 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் விட மாட்டார்கள், பாட்டிலின் அளவுதான் கணக்கு. தேங்காய் எண்ணெய், ஷாம்பு மட்டுமல்ல, ஊறுகாய், தக்காளித் தொக்கு, நெய், தயிர்சாதம், சட்னி எல்லாமே அவர்கள் கண்ணில் திரவம்தான். அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த மாவடு குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்ப்பது கொடுமை. பொடி, முறுக்கு, அதிரசம், தட்டை என்று உலர்ந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கொப்பரை எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கக்கூடியது என்ற வகையில் வருவதால் அது கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கத்தரிக்கோல், லைட்டர், வெற்றிலை பாக்கு வெட்டி வேண்டாம். பவர்பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் சுமார் 74 வாட்-மணிதான், பயமில்லை. அளவு அழிந்துபோன பழைய பவர்பேங்கைத்தான் பறித்துவிடுவார்கள். பறக்கும்போது அதில் சார்ஜ் போடுவதைப் பல நிறுவனங்கள் தடை செய்துவிட்டன. ஸ்கூட்டில் 2025 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள். செடி, விதை, கறிவேப்பிலைக் கொத்து, இறைச்சி எதையும் மலேசியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது.

7. கிளம்பும் நாள்

ஆன்லைனில் செக்-இன் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். ஏர் ஏசியாவில் பல நாட்களுக்கு முன்பே செய்யலாம். முடித்திருந்தாலும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் காட்டும் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுண்டர் மூடிவிடும். அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

சென்னையில் டாக்சிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. தோளில் ஒரு பை மட்டும் இருப்பவருக்கு மெட்ரோ இருக்கிறது. விமான நிலையத்திலேயே நிலையம். நள்ளிரவு, விடியற்காலை விமானமென்றால் மெட்ரோ ஓடாத நேரம் வரும், அப்போது எதிரே இருக்கும் திரிசூலம் புறநகர் ரயில் நிலையத்தின் முதல் வண்டி, கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் கிடைக்கும். பெட்டி இல்லாதவருக்கு இப்படி மிஞ்சும் பணம், சில நேரம் டிக்கெட்டில் பேரம் பார்த்துச் சேமித்ததைவிட அதிகமாக இருக்கும்.

கவுண்டரில் தோளில் தொங்குவதையும் சேர்த்துத் தராசில் வைக்கச் சொல்வார்கள். எண் ஏழைத் தாண்டினால் இரண்டே வழி: பணம் கட்டுவது, இல்லையேல் அங்கேயே தரையில் பையைத் திறப்பது. வரிசைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பமாவது உட்கார்ந்து, ஒரு சட்டை மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, பேரீச்சம்பழப் பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது என்று விழித்துக்கொண்டிருக்கும். பதற்றத்தில் பாஸ்போர்ட்டைத் துணிக்குள் திணித்துவிட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. முதல் தராசில் தப்பினாலும் ஏறும் வாசலருகே மறுபடி எடை பார்ப்பார்கள், அங்கே கட்டணம் இன்னும் அதிகம்.

காலி ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். பட்ஜெட் விமானங்கள் சிலவற்றில் வெளியிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை உள்ளே பிரிக்க விடுவதில்லை. பொடி தடவிய இட்லியைக் காத்திருக்கும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். கைப்பை மட்டும் வைத்திருப்பவரைப் பார்த்ததும், 'பெட்டி எடை மிச்சம் இருக்குல்ல தம்பி, இதை அங்க என் மச்சான்கிட்ட குடுத்துடுங்க' என்று யாராவது வருவார்கள். குருவிகள், அதாவது கூலிக்குச் சாமான் கடத்துகிறவர்கள், நடமாடும் தடம் இது. உள்ளே என்ன இருக்கிறதோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, போதைப்பொருளுக்கு மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது. பெரியவர், பெண், கண்ணீர் எதற்கும் இளகக் கூடாது. 'முடியாதுங்க' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

8. இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். ஏர் ஏசியா இறங்குவது கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில். நடை நிறைய இருக்கும், பெட்டிக்காகக் காத்திருக்கும் வேலை உங்களுக்கு இல்லை என்பதால் குடிநுழைவு முடிந்ததும் நேரே வெளியே வந்துவிடலாம். அதிகாரி எத்தனை நாள், எங்கே தங்கல், யார் வீடு என்று கேட்பார். சுருக்கமாக, உள்ளதை மட்டும் சொல்லுங்கள். சிலரிடம் தமிழிலேயே பேச்சு போகும்.

நகரத்தின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போக விரைவு ரயில் ஒருவழிக்கு 55 ரிங்கிட். அதே கே.எல். சென்ட்ரலுக்குப் பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் என்பதைக் கணக்கில் வைத்தால் வித்தியாசம் புரியும். கே.எல். சென்ட்ரலை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ். தமிழ்க் கடைகள், மலிவான அறைகள், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடக்கும் தூரம். பத்துமலைக்கும் கே.எல். சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் என்ற புறநகர் ரயில், சில ரிங்கிட்தான். விமான நிலையத்தில் பஸ்ஸுக்கு ஆகும் அளவு மட்டும் பணம் மாற்றுங்கள், மீதியை நகரத்தில் இரண்டு கடையில் விலை கேட்டு மாற்றலாம்.

9. திரும்பும்போது

ஏழு கிலோவில் போனவர் பலர் திரும்பும்போதுதான் பணத்தை விடுகிறார்கள். மைலோ டின், சாக்லெட், கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று சேர்ந்துவிடும். வாங்கப்போவது நிச்சயம் என்றால் திரும்பும் பயணத்துக்கு மட்டும் பெட்டி எடை வாங்கச் சொன்னேன் அல்லவா, அது இதற்குத்தான். அப்போது வாங்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள்வரை காத்திருக்காமல் செயலியில் உங்கள் முன்பதிவைத் திறந்து சேர்த்துவிடுங்கள், கவுண்டரில் கேட்கும் தொகையைவிட நிச்சயம் குறைவு. போகும்போதே பைக்குள் மடித்து ஒரு நைலான் பை வைத்திருந்தால் அங்கே பெட்டி வாங்கும் செலவும் இல்லை.

மைலோ ஒரு கிலோ பாக்கெட்டை அங்கே எந்த விலைக்கு வாங்கினாலும், கவுண்டரில் ஒரு கிலோ கூடுதல் எடைக்குக் கட்டும் பணம் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். கடையில் கூடையில் போடும்போதே கையில் தூக்கிப் பார்த்துப் போடுங்கள். தைலத்துக்கும் அதே 100 மில்லி விதி உண்டு. சின்னப் பாட்டில்களாக வாங்கினால் கைப்பையிலேயே வந்துவிடும்.